நாட்காட்டியின் 27 முதல் டிஷ் ஆண்டெனா வரை: சுற்றுப்பாதையை நீங்களே கணக்கிட ஒரு வழிகாட்டி

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் இன்று என்ன நட்சத்திரம் என்று பாருங்கள். அசுவினியில் தொடங்கி ரேவதியில் முடியும் அந்த வரிசையில் 27 பெயர்கள் உண்டு. இனி மொட்டைமாடிக்குப் போய் டிஷ் ஆண்டெனாவைப் பாருங்கள். பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள ஒரு செயற்கைக்கோளை நோக்கி அது நிமிர்ந்து நிற்கிறது. இந்த 27-லிருந்து அந்த 36,000-க்குப் போக ஒரே ஒரு கணக்குப் போதும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் அரைப் பக்கத் தாளில் அதைப் போட்டுவிடலாம்.

ஈர்ப்பு விசை என்றதும் ஆப்பிள் கதையைச் சொல்லிவிட்டு நேராகச் சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறோம். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரிடமே "செயற்கைக்கோள் ஏன் கீழே விழவில்லை?" என்று கேட்டால் தடுமாறுகிறார். அதனால் இந்த வழிகாட்டி வேறு வழியில் போகிறது. நீங்களே பார்ப்பதிலிருந்தும் நீங்களே எண்ணுவதிலிருந்தும் கணக்குகள் பிறக்கும்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு குறிப்பேடு, வர்க்கமூலம் போடக்கூடிய கால்குலேட்டர் (கைப்பேசியில் உள்ளதே போதும்), இரண்டு குண்டூசிகள், ஒரு முழம் நூல், இரண்டு நாணயங்கள், தெற்கும் மேற்கும் மறைக்காத ஒரு மாடி. கடைசிப் படிக்கு மட்டும் ஒரு பைனாகுலர் வேண்டும். இரவல் வாங்கினாலும் சரிதான். பொறுமை ஒரு மாதத்துக்கு வேண்டும். முதல் படியை நிலா அவ்வளவு நாளில்தான் முடித்துத் தரும்.

முதல் படி: நிலாவின் சுற்றை எண்ணுங்கள்

நிலாவின் பாதைக்கு அருகில் சில பிரகாசமான விண்மீன்கள் இருக்கின்றன. ஆரஞ்சு நிற ரோகிணி, வெண்மையான மகம், நீலம் கலந்த வெண்மையில் சித்திரை, சிவந்த கேட்டை. இவற்றில் எது இப்போது மாலையில் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நாட்காட்டியில் அந்த நட்சத்திரத்தின் பெயர் வரும் இரவில் நிலா அதன் அருகில்தான் இருக்கும். அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதி, நிலாவும் விண்மீனும் எவ்வளவு தள்ளி நின்றன என்று சிறிய படம் வரையுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால் நிலா கிழக்கு நோக்கி ஒரு முஷ்டிக்கும் சற்று அதிகமாக, சுமார் 13 டிகிரி, நகர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் வகுத்ததன் அடிப்படை இந்த நகர்வுதான். முழு வட்டத்தின் 360 டிகிரியை 27 பங்காக்கினால் ஒரு பங்கு 13 டிகிரியும் மூன்றில் ஒரு பாகமும். 27 நாள் கழித்து நிலா அதே விண்மீனிடம் திரும்பி வந்துவிடும். நுட்பமாகச் சொன்னால் 27.3 நாள்.

இங்கே புதியவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள். நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன். விண்மீனைப் பார்க்காமல் பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை எண்ணிவிட்டேன். அப்படி எண்ணினால் 29.5 நாள் வரும். நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிச் சற்று நகர்ந்துவிடுவதால், சூரியனுக்கு நேர் எதிரே வர நிலா இன்னும் இரண்டு நாள் ஓட வேண்டியிருக்கிறது. அந்த 29.5-ஐ வைத்துக் கீழே வரும் டிஷ் கணக்கைப் போட்டபோது விடை 2,000 கி.மீ.க்கும் மேல் குறைந்தது. எங்கே பிசகினேன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பூமியைச் சுற்றும் காலம் வேண்டுமென்றால் விண்மீனிலிருந்து விண்மீன் வரை எண்ணுங்கள்.

இரண்டாம் படி: விழுவது என்றால் என்ன?

நிலா திரும்பி வருவதற்காகக் காத்திருக்கும் நாள்களில் இந்தப் படியைச் செய்யலாம். மேசை விளிம்பில் ஒரு நாணயத்தை வையுங்கள். இன்னொன்றை விளிம்புக்கு நேராகக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பதை விரலால் வேகமாகச் சுண்டும் அதே கணத்தில் கையில் இருப்பதை விட்டுவிடுங்கள். சுண்டிய நாணயம் தொலைவில் போய் விழும், விட்டது காலடியில் விழும். ஆனால் தரையில் பட்ட ஓசை இரண்டும் ஒன்றாகவே கேட்கும். சில முறை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

இது சிறிய சோதனைதான், ஆனால் சுற்றுப்பாதையின் மர்மம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் விழும் வேகம் குறைவதில்லை. காற்று தடுக்காவிட்டால் எந்தப் பொருளும் விடப்பட்ட முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும்.

இப்போது மேசையை ஒரு பெரிய மலையாக நினைத்துக்கொள்ளுங்கள். நியூட்டன் இப்படித்தான் ஒரு கற்பனை மலை உச்சியில் பீரங்கியை நிறுத்தி யோசித்தார். குண்டு மெதுவாகப் போனால் அடிவாரத்தில் விழும். இன்னும் வேகமாகப் போனால் இன்னும் தள்ளி விழும். ஆனால் பூமி தட்டையான தரை அல்லவே, அது வளைந்து இறங்குகிறது. 7.9 கி.மீ. தூரம் நேராகப் போனால் பூமியின் பரப்பு நமக்குக் கீழே 4.9 மீட்டர் இறங்கியிருக்கும். குண்டு ஒரு நொடியில் 7.9 கி.மீ. போனால் அது 4.9 மீட்டர் விழும், தரையும் அதே 4.9 மீட்டர் விலகியிருக்கும். அடுத்த நொடியும் அப்படியே. குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. அதற்குப் பெயர்தான் சுற்றுப்பாதை.

நொடிக்கு 7.9 கி.மீ. என்றால் சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்விடும் வேகம். காற்றுக்குள் அந்த வேகத்தில் எதுவும் தாக்குப்பிடிக்காது. அதனால்தான் ராக்கெட் முதலில் காற்றைத் தாண்டி மேலே ஏறுகிறது, ஏறிக்கொண்டே பக்கவாட்டில் சாய்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ராக்கெட்டைச் சென்னைக் கடற்கரையிலிருந்து பார்த்தவர்கள் அந்தச் சாய்வைக் கண்டிருப்பார்கள். உயரம் ஏறுவதைவிட இந்தப் பக்கவாட்டு வேகத்தைச் சேர்ப்பதற்கே எரிபொருளில் பெரும்பங்கு செலவாகிறது. கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சியும் நொடிக்குச் சுமார் 0.45 கி.மீ. வேகத்தைச் சும்மா தருகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஈர்ப்பு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால் செயற்கைக்கோள் விழாமல் நிற்கிறது" என்ற விளக்கத்தைப் பலர் படித்திருப்பீர்கள். தொடக்கத்தில் அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். இரண்டு விசைகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சமன் செய்துவிட்டால் பொருள் நேர்கோட்டில் போய்விடும், வளையவே வளையாது. தினைப்புனத்தில் கிளி விரட்டக் கவண் சுழற்றுவதை நினைத்துப் பாருங்கள். கயிறு இழுக்கும் வரை கல் வட்டமிடுகிறது. பிடியை விட்டதும் கல் நேராகப் பாய்கிறது. அதை வளைத்து வைத்திருந்தது ஒரே ஓர் இழுப்புதான். நிலாவுக்கும் செயற்கைக்கோளுக்கும் அந்தக் கயிறு ஈர்ப்பு விசை.

விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களுக்கு ஈர்ப்பு இல்லை என்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். தரையிலிருந்து 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு நம் தரையில் உள்ளதில் 89 விழுக்காடு இருக்கிறது. இங்கே 60 கிலோ எடை காட்டுபவரைப் பூமி அங்கேயும் 53 கிலோ அளவுக்கு இழுக்கிறது. அவரும் அவரைச் சுற்றியுள்ள சுவரும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால் அவரது கால் எதன்மீதும் அழுந்துவதில்லை.

மூன்றாம் படி: நிலா ஒரு நொடியில் எவ்வளவு விழுகிறது?

நிலா பூமியின் மையத்திலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்த ஆரத்தில் வட்டத்தின் சுற்றளவு சுமார் 24.15 லட்சம் கி.மீ. நீங்கள் எண்ணிய 27.3 நாளை நொடியாக்கினால் சுமார் 23.6 லட்சம் நொடி. வகுத்தால் நிலாவின் வேகம் நொடிக்கு 1.02 கி.மீ. வருகிறது.

இந்த வேகத்தில் நேராகப் போயிருந்தால் நிலா எங்கே இருக்கும், வளைந்ததால் எங்கே இருக்கிறது என்ற வேறுபாடுதான் அது விழுந்த அளவு. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, தொலைவின் இரு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். போட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1.36 மில்லிமீட்டர் வரும், ஒரு குண்டூசித் தலையின் அளவு.

தரையில் நாம் பூமியின் மையத்திலிருந்து 6,371 கி.மீ. தொலைவில் இருக்கிறோம். நிலா அதைப்போல் சுமார் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. தொலைவு 60 மடங்கானால் ஈர்ப்பு 60-ஐ 60-ஆல் பெருக்கிய அளவுக்கு, அதாவது 3,600-ல் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்பது நியூட்டனின் கணிப்பு. 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுங்கள். 1.36 மில்லிமீட்டர். 60.3 என்று இன்னும் நுட்பமாக எடுத்தாலும் 1.35-தான்.

மேசையிலிருந்து விழும் நாணயமும் வானத்து நிலாவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1687-ல் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் இந்த ஒப்பீட்டைச் செய்து காட்டினார். இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். கால்குலேட்டரின் திரையில் அந்த 1.36 இரண்டாம் முறை வருவதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

நான்காம் படி: 27-லிருந்து 36,000-க்கு

தொலைவு கூடக் கூட இழுப்பு குறைகிறது, வேகமும் குறைகிறது, சுற்ற வேண்டிய பாதையோ நீள்கிறது. இவை சேர்ந்து ஒரு விதியைத் தருகின்றன. வானியலாளர் டைக்கோ பிராகே பல ஆண்டுகள் திரட்டி வைத்த அளவீடுகளை வைத்து, ஏன் என்ற காரணம் தெரியாமலேயே, கெப்ளர் 1619-ல் வெளியிட்ட மூன்றாம் விதி அது. சுற்றும் காலத்தின் வர்க்கமும் தொலைவின் கனமும் ஒரே விகிதத்தில் மாறும். காலத்தைத் தன்னோடு ஒரு முறை பெருக்குங்கள், தொலைவைத் தன்னோடு இரு முறை பெருக்குங்கள். ஒரே மையத்தைச் சுற்றும் எந்த இரண்டு பொருள்களுக்கும் இவ்விரண்டின் விகிதம் மாறாது.

டிஷ் ஆண்டெனா அசையாமல் ஒரே திசையைப் பார்க்கிறது. ஆகவே அது பார்க்கும் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து ஒரு நாளில் ஒரு சுற்று வருகிறது. நிலா 27 நாளில் வருகிறது. காலத்தின் விகிதம் 27. அதன் வர்க்கம் 729. எந்த எண்ணின் கனம் 729? ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று, எண்பத்தொன்றை ஒன்பதால் பெருக்கினால் 729. விடை 9, மீதியே இல்லை.

ஆகவே நிலாவின் தொலைவில் ஒன்பதில் ஒரு பங்கில் அந்தச் செயற்கைக்கோள் இருக்க வேண்டும். 3,84,400-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 42,700 கி.மீ. இது பூமியின் மையத்திலிருந்து எடுத்த தொலைவு என்பதால் பூமியின் ஆரத்தைக் கழிக்க வேண்டும். கழித்தால் 36,300. நாட்காட்டியில் உள்ள எண்ணை வைத்து மனக்கணக்காகவே இவ்வளவு அருகில் வந்துவிட்டோம். 27-க்குப் பதில் 27.3 போட்டால் 36,000-ஐத் தொடும். உண்மையான உயரம் 35,786 கி.மீ. மிச்சமிருக்கும் சிறு வேறுபாட்டுக்கும் காரணங்கள் உண்டு. விண்மீன்களை வைத்து அளந்தால் பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடமே ஆகிறது. நிலாவும் பூமியில் 81-ல் ஒரு பங்கு நிறை உடையது என்பதால் பூமியைச் சற்றுத் தன் பக்கம் இழுக்கிறது.

டிஷ்கள் ஏன் தென்பக்க வானத்தைப் பார்க்கின்றன என்பதும் இங்கேயே விளங்கிவிடும். எந்தச் சுற்றுப்பாதையின் தளமும் பூமியின் மையத்தின் வழியாகவே போக வேண்டும், ஏனென்றால் இழுப்பு மையத்தை நோக்கியது. சென்னைக்கு நேர் மேலே ஒரு செயற்கைக்கோளை நிலையாக நிறுத்தி வைக்க முடியாது. அசையாமல் நிற்பதுபோல் தோன்ற அது நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். நமக்கு நிலநடுக்கோடு தெற்கே இருக்கிறது.

ஐந்தாம் படி: விண்வெளி நிலையத்தைப் பிடியுங்கள்

இப்போது அதே விதியைத் தாழ்வான பாதைக்குப் போடுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. பூமியின் ஆரத்தைக் கூட்டினால் மையத்திலிருந்து 6,770 கி.மீ. (ஆரத்தைக் கூட்ட மறப்பதுதான் இந்தப் படியில் எல்லோரும் செய்யும் பிழை.) நிலாவின் தொலைவை இதனால் வகுத்தால் 56.8. கனத்துக்கு 56.8-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 428 வரும். நிலாவின் 27.3 நாளை நிமிடமாக்கி 428-ஆல் வகுத்தால் 92 நிமிடம். உண்மையிலும் அது 92, 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது.

நேரில் பார்க்க, சூரியன் மறைந்த பிறகோ விடிவதற்கு முன்போ உள்ள ஒன்றிரண்டு மணி நேரம் ஏற்றது. கீழே நமக்கு இருட்டியிருக்க வேண்டும், மேலே அதன்மீது வெயில் பட வேண்டும். கண்காணிப்புச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டால் உங்கள் ஊருக்கு மேலே எப்போது கடக்கும் என்று சொல்லிவிடும். விமானம் விளக்கை மினுக்கும். இது மினுக்காது. மேற்குப் பக்கத்தில் எழுந்து, சீரான ஒளியோடு சில நிமிடத்தில் கிழக்குப் பக்கம் போய்விடும். சில மாலைகளில் வானத்தின் நடுவிலேயே மங்கி மறையும். அது பூமியின் நிழலுக்குள் நுழைந்த கணம் அது.

அடுத்த 92-வது நிமிடத்தில் மீண்டும் மாடிக்கு ஓடாதீர்கள். அதற்குள் பூமி 23 டிகிரி சுழன்றுவிடும், அடுத்த சுற்று நமக்கு 2,500 கி.மீ. மேற்கே போய்விடும். நம் பகுதியில் ஒரே மாலையில் அடுத்தடுத்து இரண்டு நல்ல கடப்புகள் அமைவது அரிது. செயலியின் உலக வரைபடத்தில் அது நிலநடுக்கோட்டை வடக்கு நோக்கி அடுத்தடுத்துக் கடக்கும் நேரங்களைக் குறித்துக் கழித்துப் பாருங்கள், உங்கள் விடை சரியா என்று தெரிந்துவிடும்.

அங்கேயும் மிக மெல்லிய காற்று உண்டு. அது உராய்ந்து நிலையத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்குவதால் அவ்வப்போது எந்திரத்தை இயக்கி மேலே தூக்குகிறார்கள். அப்படித் தூக்கப்படாத ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் 1979 ஜூலையில் விழுந்து, அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறின.

தாழ்ந்த பாதையில் வேகம் அதிகம் என்பது ஒரு வியப்பான விளைவைத் தருகிறது. முன்னால் போகும் ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால் சாலையில் வேகத்தைக் கூட்டுவோம். சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் பாதை பெரிதாகி, சுற்றும் காலம் நீண்டு, நாம் பின்தங்கிப் போவோம். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட் தாம் ஏறிவந்த ராக்கெட்டின் மேல்பகுதியை நோக்கி எந்திரத்தை இயக்கினார். நெருங்க முடியவில்லை, எரிபொருள்தான் செலவாயிற்று. பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ வேண்டும், தாழ்ந்தால் முந்தலாம். இந்தப் பாடத்தைப் பிழையின்றிக் கையாண்டதால்தான் 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் இரண்டு ஸ்பேடெக்ஸ் கலங்கள் விண்ணில் இணைந்தன.

ஆறாம் படி: ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29 நாள்

இதுவரை எல்லாவற்றையும் வட்டமாகவே எடுத்துக்கொண்டோம். உண்மையில் பாதைகள் நீள்வட்டம். ஒரு தாளில் இரண்டு குண்டூசிகளைச் சற்றுத் தள்ளிக் குத்தி, நூலின் இரு முனைகளையும் சேர்த்து முடிந்து வளையமாக்கி ஊசிகளில் மாட்டுங்கள். பென்சிலால் நூலை விறைப்பாக இழுத்தபடி சுற்றி வாருங்கள். கிடைப்பது நீள்வட்டம், ஊசிகள் இருப்பவை அதன் குவியங்கள். பூமியின் பாதையை இப்படி வரைந்தால் சூரியன் இருப்பது ஒரு குவியத்தில். மற்ற குவியத்தில் எதுவும் இல்லை.

சூரியனை நெருங்கும்போது பூமி வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகும். மேலே எறிந்த கல் ஏறும்போது வேகம் இழந்து இறங்கும்போது வேகம் பெறுவது போன்றதுதான் இதுவும். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. கத்திரி வெயில் காயும் காலத்தில் பூமி சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. வெயிலுக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வுதான், நெருக்கம் இல்லை.

இந்த வேக மாற்றத்தைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். நாட்காட்டியை மறுபடி எடுங்கள். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலம். எல்லா ராசிக்கும் 30 டிகிரிதான், ஆனாலும் மாதங்கள் சமமாக இல்லை. ஜூலைத் தொடக்கம் ஆனியில் வருகிறது. பூமி மெதுவாகப் போகும் அந்த மாதத்துக்கு 32 நாள்கள்கூட வரும். ஜனவரித் தொடக்கம் மார்கழியில் வருகிறது. அது 29 நாளிலேயே முடிந்துவிடுவதுண்டு. நெருங்கினால் வேகம், விலகினால் மெதுவு என்ற கெப்ளரின் இரண்டாம் விதி தலைமுறை தலைமுறையாக நம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை முதன்முதலில் நாட்காட்டியின் பன்னிரண்டு மாதங்களையும் கூட்டிப் பார்த்துக் கண்டுகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூமியின் பாதை வட்டத்தை ஒட்டியது, அதனால் வேறுபாடு சிறிது. சந்திரயான்-3 முதலில் சேர்ந்த பாதையோ மிக நீண்டது. 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்டபோது பூமிக்கு அருகில் சுமார் 170 கி.மீ. உயரத்திலும் எதிர்ப்பக்கத்தில் சுமார் 36,500 கி.மீ. உயரத்திலும் அது சுற்றியது. கணக்கிட்டால் அருகில் வேகம் நொடிக்கு 10.3 கி.மீ., தொலைவில் 1.6 கி.மீ. மட்டுமே. தாழ்ந்த புள்ளிக்கு வரும்போது எந்திரத்தை இயக்கினால் எதிர்ப்பக்கம் உயரும். விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் குழு இப்படிப் படிப்படியாக எதிர்ப்பக்கத்தை 1.27 லட்சம் கி.மீ.க்கு உயர்த்தியது. பிறகு ஆகஸ்ட் 1 அன்று நிலாவை நோக்கித் திருப்பியது, 5 அன்று வேகத்தைக் குறைத்து நிலாவின் பிடிக்குள் விட்டது. தரையிறங்கியது ஆகஸ்ட் 23. நேரே நிலாவுக்கு எறிய மிகப் பெரிய ராக்கெட் வேண்டும். சிறிய ராக்கெட்டை வைத்துக்கொண்டு போக இந்தப் படிக்கட்டு உதவியது.

ஏழாம் படி: குருவும் சனியும் எவ்வளவு தொலைவில்?

இது விரைவாக முடிந்துவிடும். குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது, சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை. பன்னிரண்டு ராசிகளால் பெருக்கினால் வியாழனுக்கு 12 ஆண்டு, சனிக்கு 30 ஆண்டு. கும்பகோணத்தில் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒரு முறை வருவதும் வியாழனின் சுற்றை ஒட்டியே. பெயர்ச்சிப் பலன்களை நான் இங்கே பேசவில்லை, காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மையம் சூரியன். ஒப்பிட வேண்டியது பூமியோடு, அதன் காலம் ஓர் ஆண்டு. 12-ன் வர்க்கம் 144, அதன் கனமூலம் 5.24. வியாழன் உண்மையில் பூமியைப்போல் 5.2 மடங்கு தொலைவில் இருக்கிறது. 30-ன் வர்க்கம் 900, கனமூலம் 9.65. சனியின் உண்மை அளவு 9.58. சனிக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. மெதுவாக நடப்பவன் என்று பொருள். சூரியனின் பிடி தளர்ந்த தொலைவில் அது நொடிக்கு 10 கி.மீ.க்கும் குறைவாகவே நகர்கிறது. பூமி 30 கி.மீ. போகிறது. செவ்வாய்க்கு 687 நாள் என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், 1.52 வர வேண்டும்.

எட்டாம் படி: வியாழனை நிறுத்துப் பாருங்கள்

பைனாகுலரை இப்போது எடுக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலரே போதும், ஆனால் கையில் பிடித்தால் ஆடும். மாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். வியாழனுக்கு இருபுறமும் ஒரே கோட்டில் சிறிய ஒளிப்புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு நிலாக்கள் அவை: ஐயோ, யூரோப்பா, கனிமீட், காலிஸ்டோ. வியாழனை ஒட்டியே சுற்றும் ஐயோ எளிதில் தெரியாது. கனிமீடைத் தேடுங்கள். நல்ல வெளிச்சம், கோளிலிருந்து நன்றாக விலகியும் வரும்.

ஒவ்வோர் இரவும் அதே நேரத்தில் புள்ளிகளின் இடத்தைக் கோட்டுப்படமாக வரையுங்கள். இரண்டு மூன்று வாரம் வரைந்தால் கனிமீட் ஏழு நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வருவது தெரியும். துல்லியமாக 7.15 நாள். அது வியாழனிலிருந்து 10.7 லட்சம் கி.மீ. தொலைவில் சுற்றுகிறது. நம் நிலாவின் தொலைவைப்போல் 2.78 மடங்கு. அந்த எண்ணின் கனம் 21.5.

மையம் வேறாகிவிட்டதால் கெப்ளரின் விகிதம் இனி மாறும். எவ்வளவு மாறுகிறது என்பதே மையத்தில் உள்ள பொருளின் நிறையைச் சொல்லும். நிலாவின் 27.3 நாளை 7.15-ஆல் வகுத்தால் 3.82, அதன் வர்க்கம் 14.6. 21.5-ஐ 14.6-ஆல் பெருக்குங்கள். 314 வரும். வியாழன் பூமியைப்போல் 318 மடங்கு நிறை உடையது. மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றியபடி ஒரு கோளை ஏறத்தாழச் சரியாக நிறுத்துவிட்டீர்கள். தொலைவிலுள்ள விண்மீன்களின் நிறையையும், நம் பால்வெளியின் மையத்தில் உள்ள கருந்துளையின் நிறையையும் இதே வழியில்தான், அவற்றைச் சுற்றி வருபவற்றின் காலத்தையும் தொலைவையும் கொண்டு, கண்டறிந்திருக்கிறார்கள்.

ஒரு குறிப்பு மட்டும். மேகம் மூடிய இரவுகளிலும் குறிப்பேட்டில் தேதியைப் போட்டு "மேகம்" என்று எழுதி வையுங்கள். இடையில் ஒரு நாள் விடுபட்டால் கனிமீடின் 7 நாள் 8 ஆகிவிடும், வியாழன் 314-லிருந்து 250-க்கு இளைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தப் படியைத் தொடங்க வேண்டாம். தை பிறந்ததும் வானம் தெளியும். அன்று வியாழன் மாலையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.